மறையூர் வெல்லமும் தேடுவோரும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் வழியில், இடுக்கி மாவட்டத்தில் உள்ளது மறையூர். அங்கும் அடுத்துள்ள காந்தளூரிலும் கரும்புச் சாற்றைக் கொப்பரையிற் காய்ச்சிக் கையால் உருட்டும் வெல்லத்துக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் வேற்றூர் வெல்லமும் அப்பெயரில் விலைபோவதுண்டு. மெய்யான ஆலையை வாங்குவோர் எவ்வாறு கண்டறிவர்?

இன்று யாவரும் கைப்பேசியில் தேடுகின்றனர். தில்லியில் வாழும் தமிழர் ‘வெல்லம்’ என்று தேடுவார். மலையாளியோ ‘சர்க்கர’ என்று தேடுவார். நமக்குச் சர்க்கரை வேறு, வெல்லம் வேறு அன்றோ? ஆதலால் ஆலைக்காரர் தம் பொருளின் பெயரைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதிவைத்தல் வேண்டும். கூகிள் வரைபடத்தில் இடம், வேலைநேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதியக் கட்டணம் இல்லை. பாகு காய்ச்சுவதையும் உருண்டை பிடிப்பதையும் படமெடுத்து முகநூலில் இட்டால், காண்போருக்கு நம்பிக்கை பிறக்கும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. அங்கு வாங்கிய வெல்லம் நன்றாயிருப்பின், அந்த ஆலையின் பக்கத்தில் இரண்டு வரி உண்மையாக எழுதுவோம். அடுத்துத் தேடுவோருக்கு அவ்வரிகளே வழிகாட்டும். உழைத்தவருக்கு உரிய விலையும் சென்று சேரும்.