விளக்குமாறு யார் கையில்?



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் நான் படித்ததில்லை. படித்தவர்கள் சற்று முன் இதே மேடையில் நெகிழ்ந்து பேசினார்கள். அதற்கு மேல் நான் புகழுரை சொன்னால் அது கடன் வாங்கிய புகழாகத்தான் இருக்கும். எனவே நேரே பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

நம் பள்ளிகளின் கால அட்டவணையில் நீதிபோதனைக்கு ஒரு பாடவேளை உண்டு. பெரும்பாலும் வாரக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்பில் அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. திருக்குறளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016-இல் உத்தரவிட்டது. நீதிமன்றம் வரை போய்த்தான் அறம் வகுப்பறைக்குள் வர வேண்டியிருந்தது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறள் மனப்பாடப் பகுதியில் சேர்ந்தபின் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. சில மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அதே பள்ளியில் இன்னொரு பக்கம் சேவை நடக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், பசுமைப் படை என்று அதற்குப் பல பெயர்கள். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கென்று ஒரு திட்ட அலுவலர் இருக்கிறார், தத்தெடுத்த கிராமம் இருக்கிறது, விடுமுறையில் ஏழு நாள் சிறப்பு முகாமும் இருக்கிறது. நீதிபோதனை எடுப்பவர் ஒருவர், முகாமுக்குப் போகிறவர் இன்னொருவர். ஆசிரியர் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் என்ன சொல்லித்தந்தார் என்று அவரும் கேட்டதில்லை, அவர் எங்கே போய் வந்தார் என்று இவரும் கேட்டதில்லை.

இந்த இரண்டு பேரையும் பேச வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய என் பொருள்.

பாடமாக மட்டும் சொல்லித்தரும் ஒழுக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920-களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு செய்து, 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவர்கள் ஒழுக்கத்தைப் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்ததோடு நிற்கவில்லை. குழந்தை தன் விடைத்தாளைத் தானே திருத்தும் வாய்ப்பை உண்டாக்கினார்கள். சில்லறையைக் கையில் கொடுத்துத் திருப்பிக் கேட்டார்கள். யாரும் பார்க்காதபோது என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். கிடைத்த முடிவு பலருக்குக் கசந்தது. தேர்வில் ஏமாற்றாத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. பணத்தைச் சரியாகத் திருப்பித் தந்த பிள்ளை வீட்டுப் பாடத்தில் பொய் சொன்னது. நேர்மையைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்ததற்கும் நேர்மையாக நடந்ததற்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. அதற்கும் முன்பே, 1909-இல், ஜான் டூயி என்ற கல்வியாளர் இதைக் கேலியாகச் சொல்லியிருந்தார். தண்ணீரில் இறங்காமலே நீச்சல் சொல்லித்தரும் ஒரு பள்ளியைப் பற்றிய கதை அது.

சரி, தண்ணீரில் இறக்கிவிட்டால் போதுமா? அங்கேயும் சிக்கல்தான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-இல் ஒரு விதி கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்க 75 மணி நேரச் சேவைக் கற்றல் வேண்டும். மாநிலம் முழுவதற்கும் இப்படிக் கட்டாயமாக்கியது அதுவே முதல்முறை. பென்சில்வேனியாவின் பெத்லகேம் பகுதிப் பள்ளிகள் 60 மணி நேரம் கேட்டபோது, 'சம்பளமில்லாத கட்டாய வேலை அடிமைத்தனம். அரசியலமைப்பில் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்துக்கு எதிரானது' என்று வழக்கே போட்டார்கள். 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வழக்கு தோற்றாலும் அதற்குள் இருந்த எரிச்சல் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். மணியை மட்டும் எண்ணினால் பிள்ளைகளும் மணியைத்தான் எண்ணுவார்கள். நம் ஊரில் மணிக்குப் பதில் புகைப்படம் எண்ணுகிறோம். முதியோர் இல்லத்துக்கு ஒரு தார் வாழைப்பழம், பின்னால் பேனர், பாட்டியின் கையில் பழத்தைக் கொடுக்கும் கோலத்தில் ஒரு படம், திரும்பப் பேருந்து. அந்தப் பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டவர் யாருமில்லை.

இதை எப்படி வேறு விதமாகச் செய்யலாம் என்று நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் சிறப்பு முகாம். மாலைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பிள்ளைகள் தொடக்கப் பள்ளி வராந்தாவில் தங்கியிருந்தார்கள். பகலெல்லாம் கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலம் வெட்டும் வேலை. கையெல்லாம் முள் கீறல், ஆனால் முகத்தில் பெருமிதம். நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம், ஊரைக் கெடுக்கும் மரம் என்று காலையிலேயே அவர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் வந்து பொன்னாடை போர்த்திப் பாராட்டிவிட்டும் போயிருந்தார்.

இருட்டும் நேரத்தில் ஓர் அம்மா வந்து வராந்தா ஓரத்தில் நின்றார். தலையில் சும்மாட்டுத் துணி, கையில் அரிவாள். "ஏன்யா தம்பிகளா, இம்புட்டையும் வேரோட பிடுங்கிப்புட்டா நா எதை வெட்டி மூட்டம் போடுறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூடித் தீவைத்துக் கரியாக்குவது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். மழை பொய்த்த ஆண்டில் வயல் கைவிட்டாலும் மூட்டம் கைவிடாது.

திட்ட அலுவலரான அந்த ஆசிரியர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. "ஐயா, மன்னிக்கணும், உங்க பேச்சை நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தார். "அக்கா கேட்டதுக்கு யார் பதில் சொல்றீங்க?" என்றார்.

ஒரு பையன், மரம் தண்ணீரைக் குடிக்கிறதே என்றான். "குடிக்கட்டும், கண்மாயில தண்ணி இருந்தாத்தானே குடிக்கும்?" என்று அந்த அம்மா சிரித்தார். வரத்துக் கால்வாய் அடைபட்டுப் பல காலம் ஆகிறதாம். இந்தக் கண்மாய் யாருடையது என்று ஒரு மாணவி கேட்டாள். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் அப்போது பொதுப்பணித் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு என்பது அன்று அவர்களுக்குத் தெரியவந்தது. மரத்தை ஏலம் விடும் பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அதற்குத் தலைவரைத் தேடி ஆள் அனுப்பினார்கள். அவர் வெளியூர் போயிருந்தார். இரண்டு மாணவர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒருவன் மரம் ஊருக்குக் கெடுதல், ஒருவருக்காக விட முடியாது என்றான். மற்றவன், மாற்றுத் தொழில் காட்டாமல் பிடுங்க நமக்கு என்ன உரிமை என்றான். 2017-இல் உயர் நீதிமன்றம் வரை போய் இழுபறியான விவகாரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு ராத்திரியில் தீர்த்துவிட முடியுமா? மறுநாள் கரையை விட்டுவிட்டு வரத்துக் கால்வாயில் மட்டும் வெட்டுவது, வெட்டியதை அந்த அம்மா எடுத்துப்போக வசதியாக அடுக்கிவைப்பது என்று அரைகுறையாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் நான் பேசினேன். யாரும் சரியாகக் கேட்கவில்லை. கால்வாயைப் பற்றியே கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ராத்திரியில் நடந்ததைத்தான் நான் ஒழுக்கக் கல்வி என்பேன். நல்லது செய்கிறோம் என்ற நிச்சயத்தோடு வந்தவர்களுக்கு, யாருக்கு நல்லது என்று கேட்கத் தோன்றியது. கை வேலை செய்யாமல் அந்தக் கேள்வி வந்திருக்காது. உட்கார்ந்து பேசாமல் இருந்திருந்தால் கேள்வி வந்த வழியே போயிருக்கும். சேவைக் கற்றல் என்று உலகெங்கும் பேசப்படும் முறையின் உயிர்நாடி வேலைக்குப் பிந்தைய அந்த உரையாடல்தான். நம் முகாம்களில் அந்த நேரத்தைக் கலை நிகழ்ச்சிக்கும் நன்றியுரைக்கும் கொடுத்துவிடுகிறோம்.

இனி, தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசினால் தவிர்க்க முடியாத ஒன்றுக்கு வருகிறேன். பள்ளியில் உடல் உழைப்பு என்றதும் நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் உழைப்பே பாடத்தின் நடுவில் இருந்தது. சேவாகிராமத்தில் அதை ஆண்டுக்கணக்காக நடத்திக் காட்டியவர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். அவர் பள்ளியில் சமையலும் துப்புரவும் எல்லாப் பிள்ளைக்கும் பொது. சமையலறைக் கணக்கு கணக்குப் பாடமாகவும், கழிப்பறைக் குழி அறிவியல் பாடமாகவும் ஆயின. ஆனால் நம் மாநிலத்தில் 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு. தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். சாதியால் தொழில் பிரிந்த ஊரில் வீட்டுத் தொழில் என்றால் என்ன அர்த்தம் என்று மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். கைவிட்டது சரியே. ஆனால் அதோடு சேர்த்து, எல்லோரும் ஒன்றாகக் குனிந்து பெருக்கும் பள்ளி என்ற கனவையும் கைவிட்டுவிட்டோம்.

விளைவு என்ன? பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று செய்தி வருகிறது. தலைமையாசிரியர் கைதாகும் அளவுக்குப் போனதும் உண்டு. அந்தப் பள்ளிச் சுவரிலும் நீதி வாசகங்கள் பளபளவென்று எழுதியிருப்பார்கள். எந்த நீதிபோதனை வகுப்பும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராததை அந்த விளக்குமாறு சொல்லித்தந்துவிடுகிறது: யார் யாருக்காகக் குனிய வேண்டும் என்பதை.

ஜப்பான் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் வகுப்பறை, தாழ்வாரம், பெரும்பாலான பள்ளிகளில் கழிப்பறை எல்லாவற்றையும் குழுக் குழுவாக முறைவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஆசிரியர்களும் கூடவே நிற்கிறார்கள். நம் மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் இல்லை. அதில் கவனிக்க வேண்டியது சுத்தம் அல்ல, முறை. இந்த வாரம் டாக்டர் மகன், அடுத்த வாரம் லாரி ஓட்டுநர் மகள். யாருக்கும் விலக்கு இல்லை, யாருக்கும் தண்டனையும் இல்லை. தாமதமாக வந்தவனைப் பெருக்கச் சொல்லும் நம் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். தண்டனையாகக் கொடுத்த வேலையை மறுநாள் சேவை என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

இன்னொன்றும் ஜப்பானிடம் கேட்கலாம். 2018-இல் தொடக்கப் பள்ளியிலும் 2019-இல் நடுநிலைப் பள்ளியிலும் ஒழுக்கத்தை அவர்கள் முறையான பாடமாக்கினார்கள். ஆனால் அதற்கு எண்ணால் மதிப்பெண் போடுவதில்லை, ஆசிரியர் சில வரி குறிப்பு எழுதுகிறார். சிங்கப்பூரும் 1997-இல் ஆண்டுக்கு ஆறு மணி நேரச் சமூகப் பணி என்று தொடங்கி, 2012-இல் கவனத்தை மணிக்கணக்கிலிருந்து கற்றலுக்குத் திருப்பியது. அங்கே தொடக்கப் பள்ளியில் நற்பண்பு, குடியியல் வகுப்பு தாய்மொழியில் நடக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில். பாட்டியிடம் பேசும் மொழியில் பரிவைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தானே.

தலைமையாசிரியர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். 'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்ற கேள்வி உங்கள் முகத்திலேயே தெரிகிறது. புதிய பாடவேளை எதுவும் வேண்டாம். கணக்கு ஆசிரியரிடம் இருக்கும் பழைய பாடவேளையை மட்டும் கேட்டு வாங்குங்கள். முகாமுக்கு முந்தைய வாரங்களில் அதில் பேசவேண்டியது, போகும் ஊரைப் பற்றி. யார் அங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை. முகாமுக்குப் பிந்தைய வாரங்களில் பேசவேண்டியது, போனபோது எது இடித்தது என்பதைப் பற்றி. நீதிபோதனை ஆசிரியரும் ஓர் இரவாவது முகாமில் தங்கட்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சில் அவருக்கு இடமிருக்காது. பள்ளிக்குள் துப்புரவு முறைப்பட்டியலில் முதல் பெயர் தலைமையாசிரியருடையதாக இருக்கட்டும். வருகைப் பதிவேட்டு வரிசையில் போட்டால் சாதியும் தெருவும் உள்ளே நுழைய இடம் குறையும். பிள்ளைகள் எழுதும் குறிப்பேட்டைத் திருத்தாதீர்கள். சிவப்பு மையைப் பார்த்ததும் நமக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு முகாம் முடிந்ததும் மாவட்டத் தொடர்பு அலுவலருக்கு ஓர் அறிக்கை போகிறது. இத்தனை மரக்கன்று, இத்தனை மீட்டர் வடிகால், இத்தனை பேருக்குக் கண் பரிசோதனை, பின்னிணைப்பாகப் படங்கள். அதில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, முகாம் நடந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் எழுதட்டும். எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை, அடுத்த ஆண்டு என்ன செய்யலாம், வராமலே இருந்தாலும் நல்லதா என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும். அந்தப் பக்கத்தை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் முதல் நீதிபோதனை வகுப்பில் வாசியுங்கள்.

கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். மாணவர்கள் முதலில் கேளுங்கள்.