குணமானவர்களுக்கு வீடு எங்கே?

(கம்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனநோய் ஆஸ்பத்திரியில் பல வருஷ காலம் இருந்து குணமடைந்தவர்கள் அதற்குப் பிறகு எங்கே வாழ்வது என்பதாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். ஒரு மனிதன் எப்போது எழுந்திருப்பது, எதைச் சாப்பிடுவது, எந்தத் துணியை உடுத்துவது, யாரோடு பேசுவது என்பவைகளையெல்லாம் வேறொருவரே முடிவு செய்து வந்தால், அந்த மனிதனுக்குச் சுயமரியாதை எங்கிருந்து வரும்? நோயுள்ள காலத்தில் சிறிது நாளைக்கு அப்படியிருப்பதை ஒப்புக்கொள்ளலாம். நோய் தணிந்த பிறகும் அப்படியே வைத்திருப்பதற்கு வைத்தியம் என்று பெயர் சொல்ல முடியுமா?

சங்கதி இன்னதென்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள். சென்னையில் 1794-ல் கம்பெனி ஆட்சியில் ஏற்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. 1922-ல் அதற்கு மனநோய் ஆஸ்பத்திரி என்று பெயர் மாறிற்று. இன்று அது மனநலக் காப்பகம் என்று வழங்கி வருகிறது. பெயர் மாறியது போலவே வைத்தியமும் மாறியிருக்கிறது. 1950-க்குப் பின் வந்த மருந்துகளால், முன்பு ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டியவர்கள் அநேகர் தெளிவடைகிறார்கள். ஆனால் அவர்கள் வெளியே வர வழி உண்டாயிற்றா? நம் தேசத்தில் 24 மாகாணங்களில் உள்ள 43 சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரிகளைப் பார்த்து 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, அவைகளில் இருப்பவர்களில் 100-க்கு 36 பேர் ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருந்து வருகிறார்கள். சிலருக்கு அது பத்து வருஷம், இருபது வருஷம் என்று நீண்டு விடுகிறது. இவர்களில் பலரை இன்று அங்கே நிறுத்தி வைத்திருப்பது நோயல்ல. போவதற்கு இடமில்லாமையேயாகும்.

ஏன் இடமில்லை? தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது தெரிந்தால் ஜாதியில் பெண் எடுக்க மாட்டார்கள் என்கிறார்கள். புருஷன் வேறு கல்யாணம் செய்து கொண்டு விடுகிறான். பாகம் பிரிக்கும்போது பங்காளிகளுக்கு இவர் திரும்பி வராமலிருப்பதே சௌகரியமாகி விடுகிறது. புருஷனுக்குச் சித்தம் கலங்கினால் மனைவி இருந்து பார்க்க வேண்டும். மனைவிக்குக் கலங்கினால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இதுதானே நம் நாட்டுத் தர்மம்!

ஆனால் ஏழைக் குடும்பங்களை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளக் கூடாது. இந்த ஊர்த் தாய்மார்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய், தேறி வந்த மகனை யாரிடம் விட்டுப் போவாள்? கூலியை விட்டால் அடுப்பு எரியாது. மகனை விட்டால் மனம் கேட்காது. பாரம் முழுவதையும் அவள் தலைமேல் வைத்துவிட்டு, பாசமில்லாதவள் என்று ஊரார் பேசுவது எவ்வளவு அக்கிரமம்! ஆகையால்தான் குடும்பம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், ஊரும் சர்க்காரும் என்ன செய்தன என்று நாம் கேட்கின்றோம்.

நிற்க, நமது மதங்கள் இவர்களுக்கு என்ன செய்தன? முன் ஜென்ம வினை என்று ஒரு கூட்டம் சொல்லிற்று. பேய் பிடித்தது என்று மற்றொரு கூட்டம் சொல்லிற்று. குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். ஏர்வாடி தர்காவைச் சுற்றிக் கொட்டகை போட்டு வைத்துப் பார்த்தார்கள். அந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். மாண்டவர்கள் 28 பேர். எந்தத் தெய்வமும் அந்தச் சங்கிலியை அவிழ்க்கவில்லை. பிறகு சங்கிலி கூடாதென்று சொன்னது மனிதன் செய்த சட்டந்தான்.

பெல்ஜியம் தேசத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் ஒரு கிறிஸ்தவப் புண்ணியவதியின் கோயிலுக்குத்தான் பல நூறு வருஷங்களுக்கு முன் சித்தம் கலங்கியவர்களைக் கொண்டு வந்தார்கள். கோயிலில் இடம் போதாமற் போகவே ஊரார் தங்கள் வீடுகளில் வைத்துக் கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது. ஊர் முழுவதும் பார்த்துப் பழகிவிட்டபடியால் அங்கே யாரும் அவர்களைக் கண்டு மிரளுவதில்லை. கோயிலை நம்பிப் போனவர்களைத் தாங்கி வைத்தது சோறும், வேலையும், அண்டை அயலார் சிநேகமுமே ஒழிய வேறல்ல.

நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சென்னையில் 1993-ல் இரண்டு பெண்கள் தொடங்கிய பான்யன் என்னும் ஸ்தாபனம், 2015 முதல் ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் இருந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். துணைக்கு ஓர் ஊழியர் இருப்பார். கடைக்குப் போவது, மருந்தைத் தவறாமல் சாப்பிடுவது, பாங்கியில் கணக்கு வைப்பது, ரேஷன் கார்டு வாங்குவது முதலியவைகளில் யாருக்கு எவ்வளவு உதவி வேண்டுமோ அவ்வளவுதான் அவர் செய்வார். சமையலும் சண்டையும் சமாதானமும் அவர்களுடையதே. இந்த ஏற்பாடு இப்போது வேறு மாகாணங்களுக்கும் பரவியிருக்கிறது.

இது இலேசான காரியம் என்று நாம் சொல்ல வரவில்லை. இருபது வருஷம் மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுத்தவருக்கு, இன்று என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டால் முதலில் பதில் வராது. தண்ணீர் குடிப்பதற்கும் உத்தரவு கேட்பார். வாசற்கதவை உள்ளிருந்து தாமே திறக்கலாம் என்பதை நம்பவே சில நாள் பிடிக்கும். அந்தப் பழக்கம் அவருடைய நோயால் வந்ததல்ல. நாம் அடைத்து வைத்ததால் வந்தது. ஆகையால் அதைப் போக்குகிற வரையில் கூட இருப்பதும் நமது கடமையாகிறது.

இவர்களை விட்டால் தெருவுக்கு ஆபத்து அல்லவா என்று கேட்பார்கள். மனநோயாளிகள் பிறரை அடித்ததைவிடப் பிறரிடம் அடிபட்டதுதான் அதிகம். திரும்ப நோய் வந்தால் என்ன செய்வது என்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர் தினந்தோறும் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டு கடை நடத்தவில்லையா? அவருக்கு வியாதி அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வீட்டுக்குத்தானே வருகிறார்?

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. 2017-ல் நிறைவேறி 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவைப் பாருங்கள். குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பம் சேர்த்துக் கொள்ளவில்லை என்பதற்காகவோ, வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது. அவர்கள் வாழ்வதற்கான இல்லங்களை ஏற்படுத்துவதும் சர்க்காரின் பொறுப்பு. ஆகவே இது யாரும் புண்ணியத்துக்காகப் போடும் பிச்சையல்ல, அவர்களுடைய உரிமை.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 18-ந் தேதி நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் காப்பகத்தில் உள்ளவர்கள் அங்கேயே வைத்த சாவடியில் ஓட்டுப் போட்டார்கள். தோழர்களே! நாட்டை ஆளுவது யார் என்று தீர்மானிக்க யோக்கியதை உண்டாம். இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டில் குடியிருக்க யோக்கியதை இல்லையாம்! இது என்ன நியாயம்?

கம்பத்தில் இதைப் பேசுவதற்கும் காரணம் இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்து கொண்டிருந்த பெரியாற்றை, அதுதான் அதன் விதி என்று விட்டிருந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் இருபோகம் ஏது? அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் தண்ணீரைக் கிழக்கே திருப்பியது மனித முயற்சி. அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிடுகிற நாம், ஒரு மனிதனைப் பார்த்து "உன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லலாமா?

ஆகையால் நாம் கேட்டுக் கொள்வது இதுதான். வீட்டுக்காரர்கள் ஜாதி கேட்பதையும் விட்டு, "ஆஸ்பத்திரியில் இருந்தவரா?" என்று கேட்பதையும் விட்டு, வாடகைக்கு வீடு கொடுக்க வேண்டும். கடைக்காரர்களும் தோட்டக்காரர்களும் செய்யக்கூடிய வேலையைக் கொடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்க வேண்டும். நகராட்சி அங்கத்தினர்கள் சர்க்காரிடம் இந்த ஊருக்கு ஓர் இல்லம் கேட்டு வாங்க வேண்டும். வாலிபர்கள் "பைத்தியம்" என்ற வசவை வாயிலிருந்து எடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் குடிவருகிறவர் நம்மைப்போல் ஒரு மனிதர் என்கிற எண்ணம் ஒன்றே போதும்.