பிள்ளைக்கு அம்மாவும் வேணும், அப்பாவும் வேணும்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுவில் கடன், வட்டி, சேமிப்பு எல்லாம் பேசுகிறோம். ஆனால் புருஷன் பொண்டாட்டி பிரிந்த பிறகு பிள்ளையை யார் வந்து பார்ப்பது என்பதை மட்டும், "அது அவங்க வீட்டு விஷயம்" என்று விட்டுவிடுகிறோம். இன்று அதைப் பேசுவோம்.

"பிள்ளையை உன் கண்ணுல காட்ட மாட்டோம்" என்று சொன்னால் பல பெண்கள் அழுதுவிட்டு இருந்துவிடுகிறார்கள். "வளர்ந்தா தானா தேடி வரும்" என்று பெரியவர்களும் சொல்கிறார்கள். சகோதரிகளே, வராமலும் போகலாம்!

உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். 21 மாதத்தில் தாயைப் பிரிந்த பெண் குழந்தை, அப்பாவிடமே வளர்ந்தது. எட்டு வயதிலும் அப்பாவிடம் இருக்கவே விரும்பியது. தாயின் அன்பை அனுபவிக்காத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும் என்று நீதிமன்றம் யோசித்தது. முதலில் ஒரு வருடம் தாயிடம் விட உத்தரவிட்டது. அப்பா வந்து பார்க்கவும் வழி செய்தது.

ஆனால் 2024-ல் வந்த இன்னொரு வழக்கில், வளர்ந்த பிள்ளைகள் அப்பாவோடு இருப்பதாக உறுதியாகச் சொன்னார்கள். அதை நீதிமன்றம் ஏற்றது. "பிள்ளை மனசைக் கெடுத்துட்டாங்க" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, என்ன செய்தார்கள் என்று காட்ட வேண்டும் என்றது.

ஆகவே காலம் கடத்தக் கூடாது. என்றைக்குப் பார்க்கப் போனோம், யார் தடுத்தார்கள் என்று, தீர்மான நோட்டில் எழுதுவது போலத் தேதி போட்டு எழுதி வையுங்கள். தூரத்தில் இருந்தால் போனிலாவது பேச வழி கேட்கலாம். தினமும் ஐந்து, பத்து நிமிடம் பேசுவதும் பிள்ளைக்கு நல்லது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை நம் மகளிடம் இருக்கும்போது, "அப்பன் முகத்துலயே முழிக்கக் கூடாது" என்று நாமும் சொல்கிறோமே! அடி, உதை, ஆபத்து இருந்தால் அது வேறு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்றால் அவர் பார்ப்பதை மாஜிஸ்திரேட் மறுக்கலாம். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் கோபம்தான் என்றால், பார்க்க விடுவோம். சண்டை பெரியவர்களுக்குள். பிள்ளைக்கு இரண்டு பேரும் சொந்தம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசுங்கள். உங்கள் ஊரில் பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் சகோதரி இருந்தால், சட்ட உதவி மையம் வரை அவளோடு இரண்டு பேராவது போங்கள்.