சாவிக்கு விலை கேட்கும் திருடர்கள்

(பொன்மலையில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் ஒரு தாயார் எங்களிடம் வந்து, "ஐயா, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை யாரோ பூட்டிப் பணம் கேட்பார்களாமே. அப்படி நடந்தால் எங்கள் காணிக்கையை எடுத்தா கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். அன்று எங்களுக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்து வந்து இன்று சொல்லுகிறோம்.

இந்தத் திருட்டுக்கு ரான்சம்வேர் என்று பெயர். ரான்சம் என்றால் மீட்புப்பணம். இந்தத் திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நம் வீட்டிலேயே, நம் பெட்டிக்கே தன் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கு விலை கேட்கிறான். நோயாளிகளின் குறிப்புகள் எல்லாம் கணினியில்தான் இருக்கும். ஆனால் எவராலும் வாசிக்க முடியாது. இப்போது பூட்டுமுன் ஒரு நகலையும் எடுத்துக்கொண்டு, "கொடுக்காவிட்டால் ஊரறிய வெளியிடுவோம்" என்றும் மிரட்டுகிறார்கள். பெரும்பாலும் "பில் இணைத்துள்ளோம்" என்பது போன்ற ஒரு மின்னஞ்சலோ, எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரு கடவுச்சொல்லோதான் அவர்களுக்குக் கதவு.

இது மருத்துவத் துறையிலேயே பிறந்த தீமை என்பது எங்களுக்கே புதுச் செய்தி. 1989இல் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லிச் சுமார் 20,000 பிளாப்பி தட்டுகள் தபாலில் அனுப்பப்பட்டன. அதைப் போட்டவர்களின் கணினி பிறகு முடங்கி, பனாமா நாட்டுத் தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. வெளிநோயாளிச் சீட்டு, சேர்க்கை, பரிசோதனை முடிவு எல்லாம் கையெழுத்துக்கு மாறின. ஊர் ஊராய் ரயிலேறி வந்த ஏழை நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலான வேலைகள் திரும்பச் சுமார் இரண்டு வாரம் ஆயிற்று. அப்படித் திரும்பியதும் எதனால்? தாக்கப்படாமல் தனியே இருந்த ஒரு நகல் சர்வரிலிருந்து தகவல்களை மீட்டதாக அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. வலைப்பின்னலைச் சரியாகப் பிரித்து வைக்காததே திருடர் உள்ளே பரவக் காரணம் என்றும் அரசு சொல்லியது.

பிரித்து வைப்பது என்றால் என்னவென்று பொன்மலைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் தீப்பிடித்தால் முதலில் அதைக் கழற்றித் தள்ளுவீர்கள் அல்லவா? கணினித் திரையில் மிரட்டல் வந்தாலும் அதே வேலைதான். வலை வயரைப் பிடுங்க வேண்டும், வைஃபையை நிறுத்த வேண்டும். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கக் கூடாது, தடயம் அழிந்துபோகும். பிறகு மறைக்காமல் அறிவிக்க வேண்டும். 2022இல் வந்த உத்தரவின்படி, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும்; சைபர் கிரைம் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். வெட்கத்துக்காக மறைப்பது பொல்லாத புத்தி.

சரி, பணம் கொடுக்கலாமா? 2024இல் அமெரிக்காவில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்துக்காக 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அப்படியும் வேறொரு கூட்டம் அதே தகவலைக் காட்டி மறுபடி மிரட்டியது. திருடனுடைய வாக்கை நம்பி விதவையின் காசைக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனாலும், ஐசியுவில் ஒரு உயிர் ஊசலாடும்போது முடிவெடுத்த வேறு மருத்துவமனைகளை நாங்கள் குற்றப்படுத்தத் துணியோம். அந்த நெருக்கடி வராதபடி முன்கூட்டியே செய்ய வேண்டியதுதான் எங்கள் பொறுப்பு.

இதில் எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறோம். நகல் எடுத்து வைத்திருக்கிறோம் என்றுதான் நிம்மதியாய் இருந்தோம். பார்த்தால் அந்த நகல் டிஸ்க் இரவும் பகலும் அதே கணினியில் செருகியே கிடந்தது. பூட்டு விழுந்திருந்தால் அதற்கும் சேர்த்தே விழுந்திருக்கும். கழற்றித் திறந்து பார்த்தபோது ஒரு மாதத்து லேப் முடிவுகள் திறக்கவேயில்லை. எரேமியா நிலம் வாங்கியபோதே இரண்டு பத்திரம் எழுதி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எங்களுக்கு இத்தனை காலம் அது உறைக்கவில்லை!

இப்போது மூன்று நகல்கள். ஒன்று எந்த வயரிலும் சேராமல், வேறு கட்டடத்தில், பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறோம். காணிக்கையிலிருந்து இதற்குச் செலவிட்டது இரண்டு டிஸ்குகளுக்கான பணம் மட்டுமே. கணக்கு அலுவலகத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று, காகிதம். மூத்த சிஸ்டர்மாருக்கு ரிஜிஸ்தர் எழுதுவது கை வந்த கலை. புதிதாய் வந்த பிள்ளைகளுக்கோ கணினி நின்றால் கையும் நின்றுவிடுகிறது. பென்சிலின் ஆகாத நோயாளியின் கேஸ் ஷீட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதும் பழக்கமும் போயிருந்தது. அந்த ஒரு வரி கணினிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருநாள், காலை முழுவதும் கணினியை மூடிவைத்து ஒத்திகை பார்க்கத் தீர்மானித்திருக்கிறோம். அன்றைக்குச் சீட்டு வரிசை நீளமாய்த்தான் இருக்கும். வருகிறவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டு இருந்தால் மறக்காமல் கையோடு கொண்டுவாருங்கள்.