பரணிலுள்ள கணினியை இறக்குக!
(தருமபுரியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் கணினியைத் தொட்டறியாத உழவர் வீடுகளுக்குள் கணினி புகுந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோசுடன், நடுவணரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாசு இலினக்சும் இருந்தது. அதனைத் திறந்து பார்த்தவர் எத்துணைப் பேர்?

இன்று அக்கணினிகளுட் பல பரணில் தூசு படிந்து கிடக்கின்றன. விரைவில்லை என்பதே அவற்றின்மேற் சாற்றும் குற்றம். குற்றம் கணினியினுடையதன்று, அதன்மேல் ஏற்றிய சுமையினுடையது! விண்டோசு 10க்குரிய பொதுவான பாதுகாப்புத் துணை 14-10-2025இல் முடிந்தது. விண்டோசு 11ஓ 4 ஜிபி நினைவகமும், பழங்கணினி பலவற்றில் இல்லாத பாதுகாப்பு உறுப்பும் கேட்கிறது. அதற்காக ஏழை மாணவன் புதுக்கணினிக்குக் கடன் வாங்குவதா?

பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு 1991இல் தொடங்கிய இலினக்சு விலையின்றிக் கிடைப்பது. தன் மூலநிரலை மறைக்காதது. அதன் வழங்கல்கள் மிகப் பல. எதனைத் தேர்வது? காளையின் வலிவறிந்து வண்டியில் பாரம் ஏற்றுக.

64 பிட்டுக் கணினியும் 2 ஜிபி நினைவகமும் உடையோர் இலினக்சு மிண்டின் எக்சுஎப்சிஇ பதிப்பைக் கொள்க. 4 ஜிபி இருப்பின் நன்று. விண்டோசு பழகிய கைக்கு அது அயலாகத் தோன்றாது. 1 ஜிபி மட்டுமே உடையோரும் 32 பிட்டுக் கணினியுடையோரும் ஆண்டிக்சு 23ஐ நாடுக. வன்தட்டே பழுதாயின், பென்டிரைவிலிருந்தே இயங்கும் பப்பி இலினக்சு உண்டு.

முதலிற் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்க. பின் வழங்கலைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்க. ஒலி கேட்கிறதா, வைபை இணைகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் எழுத வருகிறதா என மூன்றையும் ஆய்ந்த பின்னரே நிறுவுக. ஓர் உண்மையும் உணர்க: இயங்குதளம் எளிதாயினும் இணைய உலாவி நினைவகத்தை விழுங்கும். ஒரே வேளையில் பத்துப் பக்கங்களைத் திறவாதீர்.

தகடூர் அதியமான் ஔவைக்கு ஈந்தது ஒரு சிறு நெல்லிக்கனியே. உருவிற் சிறியது, வாழ்நாளை நீட்டுவதிற் பெரியது. சிறிய இலினக்சும் அத்தகையதே. பரணிலிருந்து கணினியை இறக்குக. அதற்கு உயிர் தந்து, அடுத்துப் படிக்கும் தங்கையின் கையிற் கொடுக்க!