கயிற்றில் அமர்ந்த மனிதர்

ஓவிய ஆசிரியராக இருப்பதால் எனக்குச் சுவர்களைப் பார்க்கும் பழக்கம் உண்டு. நான் பார்த்த சுவர்களில் மனதைவிட்டு அகலாத ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, தென் டிரோல் என்றொரு பகுதி. இருப்பது இத்தாலியில்; பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஜெர்மன். அங்கே வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் நட்டுர்ன்ஸ் என்னும் ஊர். ஊரின் ஓரத்தில், ஆப்பிள் தோட்டங்களை ஒட்டி, புனித புரோக்குலுஸ் ஆலயம். ஏழாம் நூற்றாண்டில் கட்டியது என்கிறார்கள். மிகச் சின்ன ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோபுரமும் சாதாரணச் சுவர்களும்தான். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும்.

தெற்குச் சுவரில் ஒரு மனிதர். தலையைச் சுற்றி ஒளிவட்டம். கயிற்றில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்திருக்கிறார். விரிந்த கண்கள். உடை மடிப்புகளெல்லாம் வெறும் கோடுகள், நிழலே கிடையாது. ஆனால் அந்தக் கோடுகளில் ஒரு தயக்கமும் இல்லை, நேயர்களே. ஊர்க்காரர்கள் அவரை 'ஊஞ்சலாடி' என்று பொருள்படும் ஜெர்மன் பெயரால் அழைக்கிறார்கள்.

இந்த ஓவியத்தின் படத்தை ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டி, "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். "ஊஞ்சல் ஆடுறார் சார்" என்று வகுப்பே கத்தியது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் மட்டும் தலையை ஆட்டினான். "இல்ல சார், கெணத்துல எறங்குறாரு" என்றான். அவன் அப்பா கிணறு தூர் வாருகிறவர். கயிற்றை வளையமாகக் கட்டி அதில் உட்கார்ந்து இறங்கும்போது உடம்பு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் சொன்னதுதான் அறிஞர்கள் சொல்வதற்கும் கிட்டத்தில் இருக்கிறது. தமஸ்கு நகரில் தம்மைக் கொல்லக் காத்திருந்தவர்களிடமிருந்து புனித பவுல் தப்பிய கதையை வேதாகமத்தில் படித்திருப்பீர்கள். சீடர்கள் அவரை இரவில் கூடையில் வைத்து மதில் வழியே இறக்கிவிட்டார்கள். அந்தக் காட்சி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, இவர் ஆலயத்துக்குப் பெயர் தந்த புரோக்குலுஸ்தான், வெரோனா நகரின் ஆயராக இருந்தவர், அவர் தப்பிச் செல்லும் காட்சி என்று இன்னொரு சாரார். எப்படியானாலும் இவர் ஆடவில்லை, இறங்குகிறார். அந்தப் பையனுக்குப் பிறகு எனக்கும் இந்தப் படம் ஊஞ்சலாகத் தெரிவதில்லை.

இவ்வளவு பழைய ஓவியம் எப்படித் தப்பியது? மறைந்து கிடந்ததால்தான். பிற்காலத்தில், கோதிக் பாணி பரவிய நாட்களில், பழைய சுவர்மேல் புதிய பூச்சுப் பூசி வேறு படங்களை வரைந்தார்கள். கீழே இருந்தவை பல நூறு ஆண்டுகள் இருட்டில் கிடந்தன. 1912-இல் தடயம் தெரிந்தது. அப்போது அந்த ஊர் ஆஸ்திரியாவில் இருந்தது. முதல் உலகப்போர் வந்து போனது. 1920களில் படங்களை முழுதாக வெளிக்கொணர்ந்தபோது ஊர் இத்தாலிக்குப் போயிருந்தது. மேலே இருந்த கோதிக் ஓவியங்களையும் வீணாக்காமல் பெயர்த்தெடுத்தார்கள். ஆலயத்துக்கு அருகே நிலத்துக்கடியில் 2006-இல் திறந்த அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். 1636-இல் கொள்ளைநோய் வந்தபோது இறந்தவர்களை இந்த ஆலயத்தைச் சுற்றித்தான் புதைத்தார்கள். அதன் சான்றுகளும் அங்கே உண்டு.

ஓவியங்களின் காலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எட்டாம் நூற்றாண்டு என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குப் பிந்தியது என்பவர்களும் உண்டு. ஜெர்மன் மொழி பேசும் நிலப்பகுதியில் எஞ்சியுள்ள மிகப் பழைய சுவரோவியங்களின் வரிசையில் இதை வைக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

மேற்குச் சுவரில் ஒரு மாட்டு மந்தை. கூடவே ஒரு நாய். புரோக்குலுஸ் கால்நடைகளின் காவலர் என்பது அங்கே நம்பிக்கை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி, இடித்துக்கொண்டு நகரும் மாடுகள். மலைச்சரிவில் மாடு மேய்த்துப் பிழைத்த ஜனங்கள், ஜெபிக்க வந்த இடத்தில் தங்கள் மாடுகளையே சுவரில் பார்த்திருக்கிறார்கள். ஆலய வளைவின் பக்கத்தில் சிறகு விரித்த தேவதூதர்கள் இருக்கிறார்கள், அழகானவர்கள்தான். நான் அதிக நேரம் நின்றது இந்த மந்தையின் முன்னால். நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு மாட்டின் முதுகுக் கோட்டை நாலைந்து முறை வரைந்து பார்த்தேன். சுவரில் அது ஒரே இழுப்பு.

நேரம் முடியப்போகிறது. கயிற்று மனிதர், மந்தை, மேலே படர்ந்து காப்பாற்றிய பூச்சு, இந்த மூன்றும் உங்கள் நினைவில் நின்றால் எனக்குப் போதும். உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் பிள்ளைகளுக்காவது, ஒருநாள் அங்கே போகும் வாய்ப்பு அமையட்டும். பலிபீடத்தைப் பார்த்து நின்றால் மேற்குச் சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்.