சிறு செலவில் ஒலிப்பதிவு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நம் பழைய பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆவலுடன் இளைஞர்கள் சிலர் சென்ற மாதம் ஒரு பட்டியலோடு என்னிடம் வந்தார்கள். காமரா, மிக்சர், நாலு மைக், அவற்றுக்குத் தாங்கிகள், ஒரு மடிக்கணினி என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. "இவ்வளவும் வாங்க இரண்டு வருஷம் சந்தா சேர்க்க வேண்டும் ஐயா" என்றார்கள். இரண்டு வருஷம் நாம் காத்திருக்கலாம். எண்பது வயதைத் தாண்டிய அம்மாயிமாரும் அப்பாயிமாரும் நமக்காகக் காத்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. ஆகையால் அந்தப் பட்டியலில் எதை வைப்பது, எதை அடித்துவிடுவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1823ஆம் ஆண்டு முதல் நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்த கதையை, 2023இல் இருநூறாவது ஆண்டு நினைவின்போது எல்லோரும் கேட்டோம். அவர்கள் கொண்டுவந்த சொத்தில் முக்கியமானது பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் பாடியது, காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் பாடுவது எல்லாம் அதில் அடக்கம். மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அரும்பாடுபட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இன்று நூலாக நம் கையில் இருக்கின்றன. அது பெரிய காரியம். ஆனால் நூலில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. எந்த இடத்தில் இழுத்துப் பாடினார்கள், எங்கே மூச்சை விட்டார்கள், ஒப்பாரியில் பாட்டு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்பதை அச்செழுத்து சொல்லாது. அன்றியும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். பாடியவர்களில் ஒரு பாதி நீலகிரியிலும் பிற இடங்களிலும் சிதறிப் போயிற்று. இங்கே மிஞ்சியிருக்கும் குரல்கள் சொற்பம்.

முன்னாளில் ஒலிப்பதிவு என்றால் சுமைதான். ஜோன் லோமாக்ஸ் என்பவரும் அவர் மகன் அலனும் 1933இல் அமெரிக்க நாட்டுப்பாடல்களைத் திரட்டப் புறப்பட்டபோது காரில் ஏற்றிய யந்திரம் 315 இறாத்தல். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து என்று கணக்கிட்டால், எட்டுப் பெண்கள் ஒரு நாள் முழுவதும் பறிக்கும் பாரம்! ஆர்னால்டு பாகே என்ற டச்சு அறிஞரும் 1930களில் மெழுகு உருளை யந்திரத்துடன் நம் பகுதிகளில் அலைந்தவர். 1951இல் ஸ்விட்சர்லாந்தில் குடெல்ஸ்கி என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் நாக்ரா யந்திரத்தைச் செய்தார். வானொலிக்காரர்கள் கொண்டாடினார்கள், விலையோ நமக்கு எட்டாதது. 1963இல் பிலிப்ஸ் கம்பெனி கஸட்டைக் கொண்டுவந்த பிறகுதான் லயத்துக்குள் ஒலிப்பதிவு நுழைந்தது. இப்போது அந்த 315 இறாத்தல் யந்திரத்தைவிடத் துல்லியமான ஒன்று நம் சட்டைப்பையில் கிடக்கிறது. அதைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸப்பில் குரலனுப்புகிறோம்.

அதில்தான் முதல் தவறு நேர்கிறது. அப்படி அனுப்பும் குரலைச் செயலி நசுக்கிச் சிறிதாக்கிவிடுகிறது. செய்திக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. தொலைபேசியில் பதிவு செய்தாலும் நசுக்காத 'வேவ்' கோப்பாகச் சேமிக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்பது ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் சிபாரிசு செய்யும் அளவு. கருவி இடங்கொடுத்தால் அதையே வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட் செல்லும். 32 கிகாபைட் அட்டையில் முப்பது மணி நேரம் அடங்கும். அட்டையை மட்டும் நம்பகமான கடையில் வாங்குங்கள். சந்தையில் போலி அட்டை ஏராளம்.

இரண்டாவது விஷயம் தூரம். இதுவே என் பேச்சின் சாரம் என்றும் சொல்லலாம். பாடுகிறவரிடமிருந்து மைக் இரு மடங்கு விலகினால், அதனிடம் வந்து சேரும் குரலின் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. காம்பராவின் எதிரொலி, அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி, பீலியில் தண்ணீர் விழும் சப்தம் ஆகியவை குறைவதில்லை. ஆகவே ஒரு முழத் தூரத்தில் இருக்கும் மலிவான மைக், மூன்று பாகம் தள்ளி நிற்கும் விலையுயர்ந்த மைக்கை வென்றுவிடும். பட்டியலில் நாலு மைக் வேண்டாம். சேலையில் செருகும் சிறிய மைக் ஒன்று போதும். அதன் முனை உங்கள் தொலைபேசியில் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் கையடக்கப் பதிவுக் கருவி ஒன்று வாங்கலாம். ஸூம் கம்பெனியின் எச்1 வகை 2010இல் வந்தது. டாஸ்காம் டீஆர்-05 என்பது அதற்கு இணையானது. இவை சாதாரணப் பென்சில் பாட்டரியில் ஓடும். தோட்டக் கடையிலேயே பாட்டரி கிடைக்கும். இவ்வகைக் கருவிகள் பழைய கையாக வந்தாலும் தயங்காதீர்கள். அதற்கு அடுத்தபடியாக, காதை மூடும் ஹெட்போன் ஒன்று. இதை ஆடம்பரம் என்று நினைப்பவர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேட்காமல் பதிவு செய்பவன் கண்ணை மூடிக்கொண்டு கொழுந்து பறிப்பவனைப் போன்றவன். காமரா இப்போதைக்கு வேண்டாம், மிக்சரும் வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள் சில உண்டு. தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு அதோடு முடிந்தது. தென்மேல் பருவ மாதங்களை விட்டு, தை முதல் பங்குனி வரை போயா நாட்களிலும் ஞாயிறு மாலைகளிலும் போங்கள். ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1885 முதல் நானுஓயாவில் ரயில் கூவுகிறது. நமக்காக அது மௌனம் காக்கப் போவதில்லை. காம்பராவுக்குள் எதிரொலித்தால், பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு கம்பளியைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். வெளியில் காற்றுக்கு மைக்கின் மேல் உரோம உறை வேண்டும். பழைய கரடிப் பொம்மையின் துணியில் தைத்தாலே போதும். ஈரம் மிகக் கெட்டது. சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து, மூடியிறுகிய டப்பாவில் கருவியோடு போட்டு வையுங்கள். குளிரிலிருந்து அடுப்படிக்குள் போனால் கருவியின் மேல் நீர் பூக்கும். சற்று நேரம் பையிலேயே இருக்கட்டும்.

காமன் கூத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் மழை குறைவு என்பது நம் அதிர்ஷ்டம். கஷ்டம் தப்பில் இருக்கிறது. பக்கத்தில் நின்றால் தப்பின் அடி மைக்கைத் திணறடிக்கும், ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததை எந்தக் கணினியும் முழுதாகத் தைக்காது. கருவியில் தானாக அளவை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். தப்பு முழங்கும்போது அது அளவைத் தாழ்த்தும், உடனே வரும் ரதியின் புலம்பல் கேட்காமலே போகும். தப்புக்காரர்கள் சூடேறி அடிக்கும்போது திரையில் உச்ச அளவு பூச்சியத்துக்குப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்கும்படி முன்னதாகவே வையுங்கள். காமன் பொட்டலில் பாடுகிறவர்கள் நிற்கும் பக்கமாக, தப்பிலிருந்து பத்தடி தள்ளி இடம் பிடியுங்கள். விடியும்வரை நடக்கும் கூத்துக்கு மாற்றுப் பாட்டரி இரண்டு சோடி இருக்கட்டும்.

வீடுகளில் கிடக்கும் பழைய கஸட்டுகளையும் மறக்க வேண்டாம். கலியாணத்திலும் கருமாதியிலும் எடுத்தவற்றில் மறைந்தவர்களின் குரல் இருக்கும். பூஞ்சணம் பிடித்ததை ஓட்டிப் பார்க்காமல் விபரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை, கஸட் பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியால் பதிவுக் கருவிக்கு இணைத்து மாற்றிக்கொள்ளலாம்.

பதிவு எடுத்த அன்றிரவே இரண்டு பிரதிகள் எடுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மண்சரிவு வரும் மலை இது. மூன்றாவது பிரதிக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் 'ஆவணகம்' போன்ற தளங்கள் உண்டு. ஒலிகளையும் அங்கே காக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் பாடியவரின் சம்மதம் வேண்டும். ஒரு தோட்டத்தில், பெற்ற மகனை நினைத்துத் தாய் பாடிய ஒப்பாரியை யாரோ கேளாமல் முகநூலில் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாள் அதன்பின் எவர் முன்னும் வாய் திறக்கவில்லை. பதிவின் தொடக்கத்திலேயே திகதி, தோட்டம், டிவிசன், பாடுகிறவர் பெயர், யாரிடம் கற்றார் என்பதைக் கேட்டு, "இதைப் பிறர் கேட்கலாமா?" என்றும் கேளுங்கள். பதிலும் அந்தப் பதிவிலேயே இருக்கட்டும். "வீட்டாருக்கு மட்டும்" என்றால் வீட்டாருக்கு மட்டும்தான்.

இன்னொன்று. பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். ஹெட்போனை அம்மாயியின் காதில் மாட்டிக் கேட்கச் செய்யுங்கள். முதலில் வெட்கப்படுவார்; பிறகு, "இது சரியில்லடா தம்பி, நடுவுல ஒரு அடி விட்டுட்டேன், திரும்பப் பாடுறேன்" என்பார். பெரும்பாலும் அந்த இரண்டாவது பாட்டுத்தான் நல்ல பாட்டு. அட்டையில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.